நாற்பத்தொன்று வரை எண்ணினேன்

அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தது நான்தான். எங்கள் லாண்டரியில் துணி தேய்க்கும் ரோலருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. நாங்கள் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, திட்டிக்கொண்டேதான் அதில் நுழைவோம். வேலைக்கு வந்த முதல் நாள் அவள் அந்தச் சந்தில் கையை வீசிக்கொண்டு நடந்து போனாள். "இவ பொண்ணு இல்லடி, ஊசி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் வாய் அப்படி. நான் வைக்கிற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் வேலை. ரோலரின் முன்பக்கம் இரண்டு பேர் விரிப்பை உள்ளே விடுவார்கள். பின்பக்கம் இரண்டு பேர் சூடாக வெளியே வருவதைப் பிடித்து மடிப்பார்கள். பின்பக்கம் இடது மூலை அவளுக்கு, வலது மூலை எனக்கு. ஏழு வருஷம் அப்படி நின்றோம். அவள் விரிப்பைப் பார்க்கவே மாட்டாள். என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள், மூலை தானாக அவள் விரலுக்கு வந்துவிடும். நான் முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன், இன்னமும் குனிந்து பார்த்துத்தான் பிடிக்கிறேன்.

அவள் புருஷன் ரொட்டி சுடும் இடத்தில் அடுப்பு வேலை பார்க்கிறவன். ராத்திரி முழுக்க வேலை. இவள் காலையில் செருப்பு மாட்டும்போது அவன் மாவு படிந்த தலையோடு படியேறுவான். இவள் சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது அவன் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருப்பான். வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்கு அவன் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் தயாராக வைத்திருப்பாள். "அவர் வரும்போது நான் போறேன், நான் வரும்போது அவர் போறாரு. குழந்தை என்ன தபால்லயா வரும்?" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு கொஞ்ச நேரம் மூலையைக் குனிந்து பார்த்துப் பிடிப்பாள். எனக்கு மட்டும் அது தெரியும்.

ஒரு நாள் விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

"எத்தனை நாள்?"

"அம்பத்திரண்டு."

"அடிப்பாவி, இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"சொன்னா போயிடுமோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு விரிப்புகளைத் தவறவிட்டோம். தரையில் விழுந்ததை மறுபடி துவைக்க அனுப்பினால் சூப்பர்வைசரம்மா காட்டுக் கத்தல் கத்துவாள். விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை. ஓரம் கிழிந்து கழித்துப் போட்ட தலையணை உறைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஊசி அவற்றை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, குழந்தைக்கு இருபத்திரண்டு துணி சேர்த்தாள். ஓட்டல் துணி அல்லவா, நூறு முறை துவைத்துப் பட்டுபோல் ஆகியிருக்கும்.

இனி அந்த மதியத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தக் கதையையே சொல்லத் தேவையில்லை.

சாப்பிட்டபிறகு எங்களுக்கு அரை மணி நேரம் உண்டு. மெஷின்கள் எல்லாம் நிற்கும். உலர்த்தி எடுத்து இன்னும் தேய்க்காத விரிப்பு மூட்டைகள் இளஞ்சூட்டோடு குவிந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் விழுந்து படுத்தால் ராஜாவுக்குக் கூட அந்தப் படுக்கை கிடைக்காது. நாங்கள் நான்கு பேர் அங்கே படுப்போம். நான், ஊசி, முன்பக்கத்தில் விரிப்பு விடுகிற கண்ணாடிக்காரி, துவைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மாமா. வயதானவர், எல்லோருக்கும் அவர் மாமாதான்.

நான்காம் மாதம் முடிகிற சமயத்தில் ஊசி குறட்டை விட ஆரம்பித்தாள். அதற்கு முன் அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவு அமைதி. இப்போது அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம். மாமா பதறி எழுந்து, "எந்த மெஷினை நிறுத்தாம விட்டீங்க?" என்று கேட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் எழுந்ததும் சொன்னோம். நம்பவே இல்லை. "நானா? போக்கா!" என்று முகம் சிவந்தாள். வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. ராத்திரி அவள் தனியாகத்தான் படுக்கிறாள். அவள் தூங்குவதைக் கேட்ட காதுகள் இந்த உலகத்தில் எங்கள் மூன்று பேருடையவை மட்டும்தான்.

நல்லா அசந்து தூங்குறா, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். குறட்டை விடுகிறவன் கவலையில்லாதவன் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எழுந்து உட்கார்ந்ததும் அவள், "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குக்கா, தூங்கின மாதிரியே இல்ல" என்பாள். "பிள்ளை சுமக்கிறதுன்னா சும்மாவா" என்பேன் நான். எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது அல்லவா.

அந்தக் குறட்டை நடுவில் நிற்கும். சத்தம் ஏறிக்கொண்டே போய், திடீரென்று ஒன்றுமே இருக்காது. மார்பு எழும்பாது. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவள்போல் ஒரு பெரிய மூச்சை இழுத்து மறுபடி தொடங்குவாள். முதலில் எண்ண ஆரம்பித்தது கண்ணாடிக்காரி. "பதினொண்ணு எண்ணுறதுக்குள்ள வந்துடுச்சு" என்றாள். மறுநாள் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

எங்களுக்குள் யாருக்கும் பிடிக்காத ஒரு வேலை உண்டு. உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் வலையில் படிகிற பஞ்சுத் தூசியை அள்ளுவது. மூக்கு, காது, தலைமுடி எல்லாம் பஞ்சு ஏறும், ராத்திரி வரைக்கும் இருமல் நிற்காது. படுப்பதற்கு முன் மூன்று பேரும் ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஊசியின் மூச்சு அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அதற்குப் பக்கத்தில் சொன்னவர் தப்பித்தார். ரொம்பத் தூரத்தில் சொன்னவர் பஞ்சு அள்ள வேண்டும். ஊசிக்கும் இது தெரியும். அவளுக்கு நாங்கள் பஞ்சு வேலை கொடுப்பதில்லை. எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னைக்கு எவ்வளவு, யாரு ஜெயிச்சா?" என்று கேட்பாள்.

நான்தான் ஜெயிப்பேன். நான் அவளைப் படித்து வைத்திருந்தேன். இடதுபக்கம் திரும்பிப் படுத்தால் பத்து, பன்னிரண்டு. வலதுபக்கம் பதினைந்து. மல்லாந்து படுத்தால் இருபதுக்குக் குறையாது. மாதம் ஏற ஏற அந்தக் கடைசி எண் ஏறிக்கொண்டே போனது.

ஏழாம் மாதத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பகலில் அவள் புருஷன் தூங்கினால்தானே ராத்திரி அடுப்படியில் நிற்க முடியும். நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று நாற்பது, தொண்ணூறு. "கொஞ்சம் ஓரத்துல நிக்குது. உப்பைக் குறை, நல்லா ரெஸ்ட் எடு, இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படு. அடுத்த வாரம் கண்டிப்பா வா" என்றாள். பிறகு அட்டையைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். தலைவலி உண்டா, கால் வீக்கம் உண்டா, தூக்கம் எப்படி.

ஊசி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "தூக்கத்துக்கு என்ன குறைச்சல்? ஊரையே எழுப்புற மாதிரி குறட்டை விட்டுத் தூங்குறா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "குடுத்து வச்சவ" என்றாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அட்டையில் எழுதினாள். தூக்கம், நன்று.

நடுவில் மூச்சு நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவே இல்லை. அது எங்கள் விளையாட்டு.

ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள் என்று தெரிந்ததும் சூப்பர்வைசரம்மா அவளுக்கு மட்டும் இன்னொரு கால் மணி நேரம் கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அடுத்த வாரம் போனபோதும் அழுத்தம் அதே இடத்தில் நின்றது, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவள் ஒருவேளை கூடத் தவறவிடவில்லை. இடதுபக்கம் படுக்கச் சொன்னதால் முதுகுக்குப் பின்னால் ஒரு விரிப்பு மூட்டையை அணைகொடுத்துப் படுத்துக்கொண்டாள். அப்படிப் படுத்தால் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டாது.

இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று சுற்றினேன். நான் பெரிய எண்ணாகச் சொல்லியிருந்த நாட்களில், அவள் அசந்தபிறகு, அந்த மூட்டையைச் சத்தமில்லாமல் இழுத்துவிட்டேன். உடம்பு தானாகவே மல்லாந்துவிடும். மூன்று முறை அப்படிச் செய்தேன். பஞ்சு அள்ளுவதிலிருந்து தப்பிப்பதற்காகச் செய்தேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. ஜெயிப்பது பிடித்திருந்தது. என்னைத் தோற்கடிக்க முடியாது என்று மாமா தலையில் கைவைத்துக்கொள்வது பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் நான் வேறு எதில் ஜெயித்தேன்?

மூன்றாவது முறை நான் சொல்லியிருந்த எண் நாற்பது. அவள் மல்லாந்தாள், குறட்டை ஏறியது, நின்றது. நாங்கள் உதட்டை மட்டும் அசைத்து எண்ணினோம். இருபத்தைந்தில் மாமா எழுந்து உட்கார்ந்தார். முப்பதில் கண்ணாடிக்காரி, "எழுப்பிடலாம்க்கா" என்று சைகை காட்டினாள். நான் கையைத் தூக்கி, பொறு என்றேன். முப்பத்தைந்தில் ஊசியின் உதடு ஈரச் சிலேட்டு நிறத்தில் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எண்ணினேன். நாற்பத்தொன்றில் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டு மூச்சு வந்தது.

"நாற்பத்தொண்ணு!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டு விழித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். "அப்படியா? என்னை மூச்சடக்குற போட்டிக்கு அனுப்புங்க, கோப்பை வாங்கிட்டு வரேன்" என்றாள். சிரிக்கும்போது நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். தலை வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பத்தாவது நாள், ரோலரிலிருந்து வந்த விரிப்பின் மூலையை அவள் பிடிக்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் முறை. நான் ஏறிட்டுப் பார்த்தேன். "அக்கா, கண்ணுல கோடு கோடா வருது" என்றாள். முகம் உப்பியிருந்தது. மோதிரம் விரலை அறுப்பதுபோல் இறுகியிருந்தது. அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள், பிறகு கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. மாமாவும் டிரைவரும் அவளைத் தூக்கி, துணி வண்டியில், அழுக்கு மூட்டைகளுக்கு மேலே படுக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். எதையும் எண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் போயிருந்தது. அவளை உள்ளே கொண்டுபோய்க் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அழவில்லை. அழ வைக்கவும் முடியவில்லை. ஊசியைப் பிழைக்க வைத்தார்கள்.

அவள் புருஷன் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்திருந்தான், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். ஒரு டாக்டரம்மா, என் மகள் வயது இருக்கும், எங்களை உட்கார வைத்துப் பேசினாள். அட்டையைப் புரட்டிவிட்டு அவனிடம் கேட்டாள். "உங்க மனைவி தூக்கத்துல குறட்டை விடுவாங்களா?"

"இல்லீங்க டாக்டர். எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"விடுவா" என்றேன் நான்.

"ரொம்ப நாளாவா?"

"நாலாம் மாசம் முடியறப்போலேர்ந்து. அதுக்கு முன்ன கிடையாது."

"நடுவுல மூச்சு நிக்கிற மாதிரி இருக்குமா?"

"நிக்கும்."

"சுமாரா எவ்வளவு நேரம்னு சொல்ல முடியுமா?"

எனக்குச் சுமாராகச் சொல்லத் தெரியவில்லை. "இடதுபக்கம் படுத்தா பன்னிரண்டு. வலதுபக்கம் பதினஞ்சு, பதினாறு. மல்லாந்து படுத்தா இருபதுக்கு மேல. போன மாசம் முப்பத்திரண்டு வந்துச்சு. ஒரு தடவை நாற்பத்தொண்ணு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள். "இவ்வளவு துல்லியமா எப்படி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மனைவியின் மூச்சைப் பற்றித் தனக்குத் தெரியாத கணக்கெல்லாம் இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அந்தப் பார்வை.

"இதனாலதான் இப்படி ஆச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள் டாக்டரம்மா. "ஆனா கர்ப்பத்துல புதுசா குறட்டை வந்தா, அதுவும் மூச்சு நின்னு நின்னு வந்தா, அழுத்தம் ஏறுற வாய்ப்பு அதிகம். தெரிஞ்சிருந்தா இன்னும் முன்னாடியே, இன்னும் அடிக்கடி பார்த்திருப்போம். இங்கேயே படுக்க வச்சிருப்போம்." பிறகு அட்டையில் இருந்த அந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டாள். நன்று. என்னைத் திட்டியிருக்கலாம் அவள். நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

விதி என்றார்கள் அக்கம்பக்கத்தார். விதியாவது மண்ணாவது. விதிக்கு மூட்டையை இழுக்கத் தெரியுமா?

இரண்டு மாதம் கழித்து ஊசி வேலைக்குத் திரும்பினாள். சந்தில் இப்போது பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தாள். உடம்பு பருத்திருந்தது, அழுத்தம் இறங்கவில்லை, தினம் இரண்டு மாத்திரை. குறட்டையும் போகவில்லை. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மெஷின் ஒன்று இருக்கிறதாம், அதற்குப் பெயர் பதிந்திருக்கிறார்களாம், முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒருக்களித்துப் படுக்க வேண்டும், யாராவது பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். புருஷன் பகல் வேலை கேட்டுப் பார்த்தான். ரொட்டி பகலில் வேகாது என்றுவிட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு துணிகளையும் கொண்டுவந்து கழிவு மூட்டையில் போட்டாள். எனக்குத் தெரிந்தே போட்டாள். சாப்பிட்டபிறகு என் பக்கத்தில் வந்து படுத்து, முதுகுக்கு மூட்டையை அணைகொடுத்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, எண்ணு. பத்தைத் தாண்டினா எழுப்பிடு. உன்னை விட்டா எனக்கு எண்ண யாரு இருக்கா."

எண்ணினேன். அரை மணி நேரமும் கண் மூடாமல் உட்கார்ந்து எண்ணினேன். எட்டிலேயே தோளைத் தட்டினேன். அவள் என்னை நம்பித் தூங்கினாள். ராத்திரி தூங்கப் பயமாக இருக்கிறது, இந்த அரை மணிதான் எனக்குத் தூக்கம் என்றாள். இப்படி எண்ணிய மூன்று வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் நன்றி சொல்லும் ஒவ்வொரு முறையும் விரிப்பை உதறுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் எழுந்து உட்கார்ந்தவள் முடியைக் கோதிக்கொண்டே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப நாளாக யோசித்துக் கேட்டதுபோல் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நாற்பத்தொண்ணு வந்துச்சே. ஏன் எழுப்பல?"

கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மாமா மெஷின் பக்கம் போய்விட்டார். தெரியாமப் போச்சுடி என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை நம்பியிருப்பாள். நம்பி, நாளைக்கும் என் பக்கத்தில் படுத்திருப்பாள்.

"நான் நாற்பதுன்னு சொல்லியிருந்தேன்டி" என்றேன். "உன் முதுகுக்குப் பின்னால இருந்த மூட்டையையும் நான்தான் இழுத்தேன்."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். மறுநாள் சூப்பர்வைசரம்மாவிடம் கேட்டு முன்பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். நடுவில் ரோலர் ஓடுகிறது, எனக்கு அவள் முகம் தெரிவதில்லை, அவள் விடுகிற விரிப்பு மட்டும் என் கைக்கு வருகிறது. இடதுபக்கம் இப்போது கண்ணாடிக்காரி நிற்கிறாள். பஞ்சைத் தினமும் நானே அள்ளுகிறேன்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மதியம் மெஷின்கள் நின்றதும் அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். மூட்டைமேல் வந்து படுப்பதில்லை. அவள் இப்போது எங்கே தூங்குகிறாள், தூங்குகிறாளா, பத்தைத் தாண்டினால் அவளை எழுப்ப யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.